கரிப்பூரில் இறங்காத விமானம்

எங்கள் ஊர் கூடலூர். நீலகிரி மாவட்டம்தான் என்றாலும், விமானம் ஏற வேண்டுமானால் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது கேரளத்துக் கரிப்பூர். அதைத்தான் கோழிக்கோடு விமான நிலையம் என்கிறார்கள். நாடுகாணி இறங்கி, நிலம்பூர், மஞ்சேரி வழியாக ஜீப்பில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். வழியில் மண் சரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2019 ஜூலையில், துபாயில் இருக்கும் என் மகள் கீதாவையும் அவளுடைய ஐந்து மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். பிரசவத்துக்கு அவள் இங்கே வர முடியவில்லை. அதனால் நான்தான் பத்திய லேகியமும் கையுமாக அங்கே போயிருந்தேன். திரும்பும்போது என் கைப்பையில் குழந்தையின் காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாம் இருந்தன. பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. விமானப் பணிப்பெண் இரண்டு தடவை வந்து, "கீழே வையுங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் காலடியில் வைத்தேன். அப்புறமும் காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்!

அன்று காலை கரிப்பூரில் அடைமழை. விமானம் மேகத்துக்குள் இறங்கிற்று. சக்கரம் வெளியே வரும் சத்தம் 'கடகட'வென்று கேட்டது. ஜன்னலில் ஒரு கணம் தென்னந்தோப்பு தெரிந்தது. "வந்தாச்சுடா கண்ணா, தாத்தா பிளாஸ்க்கோட நிப்பாரு" என்று பேரனிடம் சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின்கள் ஹோவென்று இரைந்தன. மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் மறுபடி மேலே போகிறது! காது அடைத்தது. குழந்தை வீரிட்டது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. 'கருமாரி, இந்தப் பிஞ்சை மட்டும் காப்பாத்தும்மா' என்று வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பைலட்டின் குரல் வந்தது. மழையில் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை, கோயமுத்தூர் போகிறோம் என்றார். கோயமுத்தூரில் இறங்கிய பிறகாவது விட்டார்களா? இல்லை. இரண்டரை மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பயம் போனதும் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. முன் ஸீட்டுக்காரர், "இன்னொரு தடவை முயற்சி பண்ணி இறக்கியிருக்கலாம். தைரியம் இல்லாத ஆளு!" என்றார். நான் சும்மா இருந்தேனா? "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இப்படி அலைக்கழிக்கிறாங்களே, வண்டி ஓட்டத் தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு வேலைக்கு வெக்கிறாங்க?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். பாவம், அந்தப் பணிப்பெண். ஒன்றும் பேசாமல் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மழை விட்டதும் கரிப்பூருக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கும்போது வாசலில் பைலட் நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயசுதான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இதை நான் அன்றோடு மறந்தும் போனேன்.

மறு வருஷம், 2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலம். கீதா மறுபடி துபாயில் இருந்தாள். ஊர் திரும்ப விரும்புகிறவர்களை அழைத்துவர அரசாங்கம் 'வந்தே பாரத்' என்று விமானங்கள் விட்டதே, அதில் வருவதற்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். ராத்திரி சாப்பாட்டு நேரம். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு டி.வி.யை எட்டிப் பார்க்கிறேன், மழையில் ஒரு விமானம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. துபாயிலிருந்து வந்த விமானமாம். எங்கள் கரிப்பூர்! அன்றைய பயணிகளில் கீதா இல்லை என்று எனக்குத் தெரியும், அரை மணி முன்னால்தான் பேசினாள். ஆனாலும் கை நடுங்கி, தோசை கருகிப்போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த விமானத்தில் 190 பேர் இருந்தார்கள். கைக்குழந்தைகள் மட்டுமே பத்து. இரண்டு பைலட்டுகளும் 19 பயணிகளுமாக 21 பேர் இறந்துபோனார்கள். கொண்டோட்டிப் பக்கத்து ஜனங்கள், ஊரே நோய்க்குப் பயந்து அடைந்து கிடந்த சமயத்தில், கொட்டும் மழையில் ஓடிவந்து, யாருடைய குழந்தை என்று தெரியாத குழந்தைகளையெல்லாம் மார்போடு அணைத்துச் சொந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர்களே தனிமையில் இருக்க வேண்டி வந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் தம்பி மகன் பெங்களூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் எஞ்சினியர். மறுநாள் போன் செய்து, "ஏண்டா, பிரேக் பிடிக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டேன். நம்மில் பலருக்கும் அதுதானே தோன்றும்? பஸ் பள்ளத்தில் விழுந்தாலும் 'பிரேக் ஃபெயிலியர்' என்றுதானே சொல்கிறோம்.

"அத்தை, மாமா ஸ்கூட்டர்ல மழையில போறப்போ சடார்னு பிரேக் போட்டா என்ன ஆகும்?" என்றான்.

"சறுக்கும்."

"சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது. பிரேக் நிறுத்துறது சக்கரத்தைத்தான் அத்தை. வண்டியை நிறுத்துறது ரோடு."

அப்புறம் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினான். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

விமானம் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். கனமோ அறுபது டன்னுக்கு மேல். அதை நிறுத்த மூன்று ஏற்பாடுகள். ஒன்று, சக்கரத்துப் பிரேக். எஞ்சின் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிடுவது இன்னொன்று. இறங்கியதும் ஓவென்று ஒரு இரைச்சல் கேட்குமே, அதுதான். மூன்றாவது, இறக்கையின் முதுகில் வரிசையாக எழுந்து நிற்கும் பலகைகள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இறக்கை பிய்ந்துவிட்டதோ என்று நான்கூட ஒரு தடவை பயந்திருக்கிறேன்! இந்தப் பலகைகள் காற்றைத் தடுப்பதற்கு மட்டும் இல்லையாம். தரையைத் தொட்ட பிறகும் இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பலகை எழுந்தால்தான் அந்தத் தூக்கல் போய், பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கும். பாரம் இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். அரிவாள்மணையில் முழங்காலை அழுத்தாமல் தேங்காய் துருவிப் பாருங்கள், மணைதான் நகரும். அதே கதை.

1999 ஜூன் 1-ல் அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற ஊரில், இடியும் மழையுமான ராத்திரியில் இறங்கிய விமானத்தில் இந்தப் பலகைகள் எழவே இல்லை. இறங்குமுன் அதைத் தயார்நிலையில் வைக்க வேண்டும். புயலுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பில் அது விட்டுப்போயிற்று. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதி, கேப்டனோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். பிரேக் இருந்தது, அதன்மேல் பாரம் இல்லை.

பிரேக்குக்கே எத்தனை பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அசந்துபோனேன். பிரேக்கை அழுத்தும் எண்ணெயின் அழுத்தம் ஒரு வழியில் போனால் மறு வழி. அதுவும் போனால் சேமித்து வைத்த அழுத்தம். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், நொடிக்கு நொடி விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு வேறு. அழுத்திப் பிடித்தால் பிரேக் தட்டுகள் அடுப்புக் கங்கு மாதிரிச் சூடாகும். அந்தச் சூட்டில் டயர் வெடித்துவிடக் கூடாதே என்று சக்கரத்தில் ஓர் அடைப்பான் வைத்திருக்கிறார்கள். அது உருகிக் காற்றை மெதுவாக வெளியே விட்டுவிடும். நம் பிரஷர் குக்கரில் ஸேஃப்டி வால்வு இருக்கிறதே, அப்பட்டமாக அதேதான்! என்னமோ பெரிய விஞ்ஞானம் என்று நினைத்தேன், நம் சமையலறையில் இருப்பதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றதும் அவன் சிரித்தான்.

"அப்போ கரிப்பூர்ல என்னதான்டா ஆச்சு?" என்றேன்.

"விசாரணை முடியட்டும் அத்தை. இப்போ நான் எதுவும் சொல்றது தப்பு" என்றுவிட்டான். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

2021 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அவன்தான் படித்துச் சொன்னான். அன்று அந்தக் கேப்டன் முதலில் ஒரு பக்கத்திலிருந்து இறங்க வந்து, மழையில் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் வேலை செய்யாததால் இறங்காமல் மேலே போயிருக்கிறார். சரியான காரியம். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தார். இப்போது முதுகுப் பக்கமிருந்து காற்று, மணிக்கு 26 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளுகிறது. கரிப்பூர் ஓடுபாதையின் நீளம் 2,700 மீட்டர். விமானம் தரையைத் தொட்டது 1,353-வது மீட்டரில். பாதி ஓடுபாதை அதன் காலுக்கடியில் வீணாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த துணை பைலட், மறுபடி மேலே போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார். போகவில்லை. மேஜை மாதிரி மலையுச்சியை வெட்டிப் போட்ட ஓடுபாதை அது. முடிகிற இடத்தில் பள்ளம்.

கேப்டன் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. விமானப்படையில் இருந்தவர், கரிப்பூரில் பலமுறை இறங்கியவர். மறுநாள் காலை கரிப்பூரிலிருந்தே இன்னொரு விமானத்தை அவர் ஓட்ட வேண்டியிருந்தது. நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனசில் அழுத்தியிருக்கிறது என்று அறிக்கை சொல்கிறதாம். இறந்துபோனவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அவர் ஞாபகம் வரவில்லை. அந்த முன் ஸீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. "இன்னொரு தடவை முயற்சி பண்ணி இறக்கியிருக்கலாம்..." அதற்குத் தலையாட்டிய என் ஞாபகமும்.

துணை பைலட்டை நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது. தப்பு நடக்கிறது என்று தெரிகிறது, வாய் விட்டுச் சொல்லியும் ஆயிற்று, ஆனால் பெரியவர் கையிலிருந்து பிடுங்க மனசு வரவில்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, பால்... பால்..." என்று சொல்லிக்கொண்டு, மாமியார் அடுப்பை அணைக்கக் கை நீளாமல் நின்ற புது மருமகள் நானும்தானே!

இதற்குப் பத்து வருஷம் முன்னாலும் இப்படித்தான். 2010 மே 22, மங்களூர். அதுவும் துபாய் விமானம், அதுவும் மலைமேல் ஓடுபாதை. அங்கேயும் துணை பைலட் மூன்று தடவை மேலே போய்விடலாம் என்று சொன்னார். கேப்டன் இறங்கினார், பாதிக்கும் மேல் ஓடுபாதை கழிந்த பிறகு. பிரேக் பிடித்து, எஞ்சின் காற்றையும் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்ட பிறகு, போதாது என்று தெரிந்து மறுபடி மேலே கிளப்பப் பார்த்திருக்கிறார். அப்போது நேரம் கடந்துவிட்டது. 166 பேரில் பிழைத்தது 8 பேர்.

இன்னொரு தவறான எண்ணமும் எனக்கு இருந்தது. விமானம் பூப்போல் இறங்கினால் நல்ல பைலட், தடாலென்று இறங்கினால் மட்டமான பைலட் என்று. நீங்களும் அப்படி நினைத்திருக்கலாம். "மழை நாள்ல பூப்போல இறக்கக் கூடாது அத்தை. கொஞ்சம் அழுத்தித்தான் வைக்கணும். அப்போதான் டயர் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு தரையைப் பிடிக்கும். இல்லேன்னா தண்ணி மேல மிதந்துக்கிட்டே போகும்" என்றான். மெத்தென்று இறக்குகிறேன் பேர்வழி என்று மிதந்துகொண்டே போனால் முன்னால் உள்ள பாதைதான் குறையுமாம். பாசி பிடித்த கிணற்றடியில் நாம் பாதத்தை அழுத்தி வைத்துத்தானே நடக்கிறோம்?

சிகாகோவில் நடந்த ஒன்றையும் அவன் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம், அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 2005 டிசம்பர் 8. பனி கொட்டும் ராத்திரி. ஊருக்கு நடுவில் இருக்கும் மிட்வே விமான நிலையத்தில் இறங்கிய விமானம் நிற்காமல், வேலியை உடைத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டது. விமானத்தில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். தெருவில் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் ஆறு வயதுப் பையன் இறந்துபோனான். விமானத்துக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்?

அதன் பிறகு அங்கே ஓடுபாதை முடிவில் நுரைத்த சிமெண்ட் கட்டிகளைப் பதித்தார்கள். ரஸ்க் மாதிரிப் பொரபொரவென்று இருக்குமாம். விமானம் தாண்டி வந்தால் சக்கரம் அதில் நொறுங்கிப் புதைந்து நின்றுவிடும். 2016 அக்டோபரில் நியூயார்க்கில் லகார்டியா நிலையத்தில் ஒரு விமானம் அப்படித்தான் புதைந்து நின்றது, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 2020-ல் கரிப்பூரில் அப்படி ஒன்று இருக்கவில்லை. நல்ல பொருள் நாலு ஊரில் இருந்தால் போதாது, தேவைப்படுகிற ஊரில் இருக்க வேண்டும்.

கைப்பை விஷயத்துக்கு வருகிறேன். 2005 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் டொரான்டோவில் இடிமழையில் இறங்கிய பெரிய விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே 309 பேர். விமானம் எரிந்து கூடாகிவிட்டது, ஆனால் 309 பேரும் பிழைத்தார்கள்! பணிப்பெண்களும் பணியாளர்களும் சில நிமிஷங்களுக்குள் எல்லோரையும் சறுக்குப் பலகையில் இறக்கிவிட்டார்கள். அந்த நேரத்திலும் எத்தனையோ பேர் மேலே இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்களாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 2019-ல் அப்படி ஒன்று நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பேரன் கீதாவின் கையில். என் கை பைக்குத்தான் போயிருக்கும், சந்தேகமே இல்லை. குனிந்து அதை இழுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து விநாடி, என் பின்னால் நிற்கும் இன்னொரு தாயின் பத்து விநாடி இல்லையா?

இப்போதெல்லாம் பயணம் என்றால் பாஸ்போர்ட்டையும் நகையையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுவிடுகிறேன். சுருக்குப் பை கட்டின நம் பாட்டிமார்கள் முட்டாள்கள் இல்லை. பாக்கியெல்லாம் போனால் போகிறது.

கைக்குழந்தையோடு போகும் இளம் தாய்மார்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. மடியில் வைக்கும் குழந்தைக்கென்று தனியாகச் சின்ன பெல்ட் தருவார்கள். நம் பெல்ட்டில் கோத்து, குழந்தை இடுப்பில் மாட்ட வேண்டும். கீதா முதலில் செய்தது போல, தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். சடாரென்று நின்றால் உங்கள் கனம் முழுவதும் பிஞ்சின் வயிற்றில் அழுந்தும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். இறங்குகிற நேரத்தில் குழந்தை தூங்குகிறதே என்று கழற்றியும் விடாதீர்கள்.

2023-ல் ஒரு மழை நாளில் மறுபடி அதே துபாய், அதே கரிப்பூர். இந்தத் தடவை பேரனுக்கு நாலு வயசு, தனி ஸீட், ஜன்னலோரம். வழியெல்லாம் அவனுக்கு நான்தான் பாடம் நடத்தினேன். இறங்குகிற நேரத்தில் என் கை என்னவோ அவன் கையைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தது. மேகம் விலகி ஈரத்தில் மினுங்கும் ஓடுபாதை தெரிந்தது. தடால்! பல் கிட்டித்துப்போகிற மாதிரி ஓர் அடி. எங்கேயோ ஒரு டம்ளர் உருண்டது. பின்னாலிருந்து யாரோ, "என்னா இறக்கு இறக்குறான்யா!" என்றார்.

"பாட்டி, பலகை எழுந்துடுச்சு!" என்று கத்தினான் பேரன்.

வாசலில் பைலட் நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லை, வேறு யாரோ, நாற்பது வயசிருக்கும். கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இறக்கினீங்க தம்பி" என்றேன். தமிழ் புரிந்ததோ இல்லையோ, கொஞ்சம் திகைத்துப்போய்ச் சிரித்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். வெளியே இவர் பிளாஸ்க்கோடு நின்றார். "இன்னிக்கு என்ன, நேரத்துக்கே வந்துட்டீங்க?" என்று கேட்டார்.